சமணரும் மகவேற்பும்: வழக்காறு முதல் சட்டம் வரை

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் கதை சுடுகாட்டில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் சச்சந்தன் மாண்டான். மயிற்பொறியில் ஏறித் தப்பிய அவன் தேவி விசயை, சுடுகாட்டில் இறங்கி ஆண்மகவு ஒன்றை ஈன்றாள். இறந்துபோன தன் குழந்தையை அடக்கம் செய்ய அவ்விரவில் அங்கு வந்தான் கந்துக்கடன் என்னும் வணிகன். முத்திரை மோதிரத்தோடு கிடந்த அக்குழந்தையை எடுத்துச் சென்று, தன் மனைவி சுநந்தையின் கையில் கொடுத்தான். அக்குழந்தையே சீவகன். பின்னர்ச் சுநந்தையின் வயிற்றில் நந்தட்டன் பிறந்தபோதும், அவ்வீட்டின் மூத்த மகன் சீவகனாகவே இருந்தான்.

தமிழ்ச் சமணரின் தலைசிறந்த காப்பியம், பெற்றவளை விட்டுப் பிரிந்து பிறிதொரு வீட்டில் வளர்ந்த மகனைத் தலைவனாகக் கொண்டது என்பது நினைக்கத்தக்கது. அக்கதையில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, வளர்த்தவரும் பெற்றவரே என்னும் அறம். மற்றொன்று, குழந்தையின் விரலில் இருந்த மோதிரம். அன்பு வளர்ப்பதற்குப் போதும். இன்னார் என நிறுவுவதற்குச் சான்று வேண்டும். சமணரின் மகவேற்பு வரலாறும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே நடந்திருக்கிறது. அறம் தொடக்கம் முதலே இருந்தது. சான்றுதான் ஒரு காலத்தில் இல்லாமற் போயிற்று.

கல்லில் எழுதிய கொங்குநாடு

கொங்குநாட்டுச் சமணம் எழுத்தைப் போற்றிய சமணம். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைக் கூறுகிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது செய்த அறம் அது. கொடுத்தவனின் பெயரோடு அவன் தந்தை பெருங்கடுங்கோனின் பெயரும், பாட்டன் கோ ஆதன் செல்லிரும்பொறையின் பெயரும் அதில் உள்ளன. இன்னார் மகன் இன்னார், இன்ன உரிமை பெற்ற காலத்தில் இது செய்தார் என மூன்று தலைமுறையைக் கல் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெருந்துறைக்கு அருகிலுள்ள விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில், அவ்வூரோடு இணைத்துப் பேசப்படும் பெருங்கதை ஆசிரியர் கொங்குவேளிர், சீனாபுரத்தோடு இணைத்துப் பேசப்படும் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர், அரச்சலூர் நாகமலைக் கல்வெட்டு, பழனியை அடுத்த ஐவர்மலையின் தீர்த்தங்கரர் உருவங்கள் என இந்நாட்டில் சமணரின் எழுத்தும் கல்லும் பரவிக் கிடக்கின்றன. தானத்தையும் நோன்பையும் இலக்கணத்தையும் இவ்வளவு கவனமாக எழுதிவைத்த சமுதாயம், தன் குடும்ப வழக்குகளை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டது. அதன் விளைவு பிற்காலத்தில் நீதிமன்றத்தில் தெரிந்தது.

மகன் எதற்காக?

பழைய தரும நூல்களின்படி, மகன் இல்லாதவனுக்கு மறுமை இல்லை. பிண்டம் இட்டு நீர்க்கடன் செய்வதற்கு மகன் தேவை. பிறக்காவிடில் ஒருவனைத் தத்தெடுக்க வேண்டும். ஆகவே அங்குத் தத்து என்பது முதலில் ஒரு வைதிகச் சடங்கு. சொத்துரிமை அதன் பின்விளைவு. மகனை ஏற்பது இறந்த கணவனின் ஆன்ம நலனுக்காக என்பதால், கணவனின் இசைவு இன்றி மனைவி தானாகத் தத்தெடுக்க முடியாது என்னும் விதியும் அதிலிருந்தே தோன்றியது.

சமணக் கொள்கையில் இதற்கு இடமில்லை. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே ஈட்டுகிறது, தானே நுகர்கிறது, தானே உதிர்க்கிறது. மகன் இடும் பிண்டத்தால் தந்தையின் வினை தீராது. சிராத்தம் சமணநெறி ஏற்காத ஒன்று. எனவே சமண இல்லறத்தார்க்கு மகவேற்பு என்பது வீடு தழைப்பதற்கும், பொருளைக் காப்பதற்கும், முதுமையில் துணை பெறுவதற்கும், அறப்பணி தொடர்வதற்கும் செய்யும் உலகியற் செயல். அதைக் கணவன் செய்யலாம். அவன் மறைந்தபின் மனைவியும் செய்யலாம். பத்திரபாகு சங்கிதை, அருகன்நீதி முதலிய சமண நீதிநூல்கள் கைம்பெண்ணின் சொத்துரிமையையும் தத்துரிமையையும் விரிவாகப் பேசுகின்றன. சம்பத் ராய் ஜெயின் 1926இல் வெளியிட்ட சமணச் சட்டம் பற்றிய ஆங்கில நூல் இந்நூல்களைத் தொகுத்துக் காட்டியது.

வடக்கே கிடைத்த தீர்ப்புகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வேறுபாடு வழக்கு மன்றங்களுக்கு வந்தது. மகனில்லாச் சமணக் கைம்பெண், கணவன் செய்திருக்கக் கூடியது போலவே ஒரு மகனைத் தத்தெடுக்கலாம் என்பதைக் கல்கத்தா சதர் திவானி அதாலத்து 1833ஆம் ஆண்டிலேயே ஏற்றது. 1878இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், சிவசிங் ராய் – தாக்கோ வழக்கில் மேலும் தெளிவான தீர்ப்பு அளித்தது. வடமேற்கு மாகாணத்து அகர்வாலா சமணரிடையே, மகனில்லாத கைம்பெண் கணவனின் அனுமதியோ உறவினரின் இசைவோ இன்றித் தத்தெடுக்கலாம். மகள் வயிற்றுப் பேரனையும் தத்தெடுக்கலாம். கணவன் தானே ஈட்டிய பொருளில் அவளுக்கு முழு உரிமை உண்டு என்பன அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்புகள் சமணத்துக்குத் தனிச்சட்டம் உண்டு என்று அறிவிக்கவில்லை. சமணரும் பொதுவாக இந்து சட்டத்துக்கு உட்பட்டவரே. தனி வழக்காறு ஒன்று உண்டு எனக் கூறுவோர் அதைச் சான்றோடு நிறுவினால் மன்றம் அதை ஏற்கும் என்பதே அவற்றின் அடிப்படை. வடநாட்டுச் சமண வணிகக் குடும்பங்கள் சாட்சிகளையும் ஏடுகளையும் நிறுத்தின, வழக்காறு நிறுவப்பட்டது. ஒரு தீர்ப்பு அடுத்த வழக்குக்குச் சான்றாயிற்று.

சென்னை மாகாணத்தில் நேர்ந்தது

தென்னகத்தில் நிலைமை வேறாக இருந்தது. இராமநாதபுரம் சமஸ்தானத்துத் தத்து வழக்கில் 1868இல் பிரிவிக் கவுன்சில் அளித்த தீர்ப்பு இங்கு அடிப்படையாயிற்று. திராவிட நாட்டில், கணவனின் அனுமதி இல்லாத கைம்பெண், கணவனின் நெருங்கிய உறவினர் இசைந்தால் தத்தெடுக்கலாம் என்றது அத்தீர்ப்பு. தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு எழுதிய நூலின் விதியையும் விஞ்சும் என்னும் புகழ்பெற்ற கொள்கையும் அதே தீர்ப்பில்தான் உள்ளது. சமணர்க்கு அக்கொள்கை ஒரு திறந்த கதவு. ஆனால் அதில் நுழைவதற்குச் சான்று என்னும் சாவி தேவைப்பட்டது.

சென்னைச் சட்ட அறிக்கைகளின் 16ஆம் தொகுதியில் உள்ள பெரியம்மணி – கிருஷ்ணசாமி வழக்கில் அச்சாவி கிடைக்கவில்லை. கைம்பெண் தானாகவே தத்தெடுக்கும் தனி வழக்காறு இம்மாகாணச் சமணரிடையே உண்டு என்பது நிறுவப்படவில்லை என்று முடிவாயிற்று. வடக்கே ஏற்கப்பட்ட உரிமை தெற்கே மறுக்கப்பட்டது. கொள்கையில் இரு பகுதிச் சமணரும் ஒருவரே; பிண்டம் இடாதவரே. வேறுபாடு சான்றில்தான் இருந்தது.

1927ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான கட்டெப்பா – ஈரம்மா வழக்கு இதன் இரண்டாம் கட்டம். தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த குமாரசாமி சாஸ்திரி அதில் கூறிய கருத்தைச் சமண வரலாறு எழுதுவோர் இன்றும் மேற்கோள் காட்டுவர். சமணம் இந்து சமயத்திலிருந்து பிரிந்த கிளை அன்று, ஸ்மிருதிகளுக்கும் அவற்றின் உரைகளுக்கும் மிக முற்பட்ட தோற்றமும் வரலாறும் உடையது, வேதத்தை ஏற்காதது, சிராத்தக் கிரியைகளை மறுப்பது என்பதைத் தற்கால ஆய்வு காட்டுகிறது என்றார் அவர். ஆனால் கேள்வி புதிதாக எழுந்திருந்தால்தான் அவ்வாறு தீர்ப்பளிக்க இயலும். முந்தைய தீர்ப்புகள் தம்மைக் கட்டுப்படுத்துகின்றன என்பதையும் அவர் கூறினார். சமணத்தின் தொன்மையை மன்றம் வாயாரப் புகழ்ந்தது. கைம்பெண்ணின் உரிமை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

1962இல் முன்னாலால் – ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜபல்பூர்ப் போர்வால் சமணர் தொடர்பாக இவ்வரலாறு முழுவதையும் ஆராய்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தீர்ப்புக்குமேல் தீர்ப்பாக ஏற்கப்பட்ட இவ்வழக்காற்றை இனித் தனியாக நிறுவ வேண்டியதில்லை என்றது. ஆயினும் அத்தீர்ப்பிலும் ஒரு விலக்கு உண்டு: சென்னையிலும் பஞ்சாபிலும் குடியிருக்கும் சமணர் நீங்கலாக. தமிழ்ச் சமணப் பெண்டிரின் வரலாறு அச்சிறு விலக்குக்குள் அடங்கிவிட்டது.

இவ்விழப்பின் பொருளை ஒரு குடும்பத்தின் அளவில் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவனை இழந்தவள் தமக்கையின் மகனையோ நாத்தனாரின் மகனையோ ஊரார் முன்னிலையில் மடியில் ஏற்றுக்கொள்கிறாள். மஞ்சள்நீர் கொடுக்கப்படுகிறது. மஞ்சணீர்ப் பிள்ளை என்னும் சொல்லே தத்துப்பிள்ளையைக் குறிக்கும் அளவுக்குத் தமிழ்நாட்டில் வேரூன்றிய வழக்கம் அது. ஆண்டுகள் பல கழிந்தபின் கணவனின் பங்காளி ஒருவர் எழுந்து, கணவன் அனுமதி தந்தானா என்று கேட்கிறார். 1872 சனவரி முதல் நாளுக்குப் பின் எழுதப்பட்டு, உயிலில் அடங்காத தத்து அதிகாரப் பத்திரம் எதுவும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் விதி. வாய்ச்சொல்லும் மஞ்சள்நீரும் அங்கே துணை நிற்பது அரிது. தாய்க்குத் தன் வீடும், மகனுக்குத் தன் பெயரும் ஒருங்கே ஆட்டம் காணும்.

1956: கதவு திறந்தது

1956 டிசம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம் இவ்வழக்கினை முடித்துவைத்தது. இச்சட்டம் இந்துக்களோடு பௌத்தர்க்கும் சமணர்க்கும் சீக்கியர்க்கும் பொருந்தும் என்பதைத் தன் தொடக்கத்திலேயே கூறுகிறது. இதன் 8ஆம் பிரிவின்படி கைம்பெண், மணமாகாத பெண், மணமுறிவு பெற்ற பெண் ஆகியோர் யாருடைய அனுமதியும் இன்றித் தம் பொருட்டே தத்தெடுக்கலாம். சமண நீதிநூல்கள் கூறிய உரிமை, தமிழகத்தில் வழக்காறாக நிறுவப்படாத உரிமை, எழுதிய சட்டமாக வந்து சேர்ந்தது.

அதற்கு மேலும் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. பெண்குழந்தையைத் தத்தெடுப்பதற்குப் பொதுவாக இடம் தராத பழைய விதி நீங்கியது. தத்த ஓமம் தேவையில்லை; குழந்தையைக் கொடுப்பதும் ஏற்பதும் மெய்யாக நிகழ வேண்டும் என்பதே இன்றியமையாத விதியாயிற்று. தத்துக்குப் பின் சொந்தப் பிள்ளை பிறந்தால் தத்துப்பிள்ளையின் பங்கு குறையும் நிலையும் மாறியது. சீவகனும் நந்தட்டனும் சட்டத்தின் முன்னும் ஒத்த உரிமையுடைய உடன்பிறந்தார் ஆயினர். கணவன் உள்ள பெண் தன் பெயரில் தத்தெடுக்க இருந்த தடையை 2010ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இன்று கணவனுக்கு மனைவியின் இசைவும், மனைவிக்குக் கணவனின் இசைவும் வேண்டும்.

2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டபின், இச்சட்டங்கள் இன்னும் பொருந்துமா என்ற ஐயம் சிலரிடம் எழுந்தது. திருமணச் சட்டம் தொடர்பாக இந்தூரில் ஒரு குடும்பநல நீதிமன்றம் பொருந்தாது என்று கூற, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2025இல் அதை நீக்கியது. சிறுபான்மை அறிவிப்பு சமயத்துக்குரிய ஏற்பு. அது குடும்பச் சட்டத்தை மாற்றவில்லை.

இன்றுள்ள இரு வழிகள்

உறவினர் அல்லது அறிந்தவர் குழந்தையை, பெற்றோரே நேரில் கொடுக்க, ஏற்பது முதல் வழி. இதற்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் போதும். மகனை ஏற்போர்க்கு மகன், மகன்வழிப் பேரன், கொள்ளுப்பேரன் இருத்தல் கூடாது. மகளை ஏற்போர்க்கு மகளோ மகன்வழிப் பேத்தியோ இருத்தல் கூடாது. குழந்தை 15 வயது நிறையாததாகவும் மணமாகாததாகவும் இருக்க வேண்டும். மாறான வழக்காறு இருப்பின் அதற்கு விலக்கு உண்டு. ஆண் பெண்குழந்தையை ஏற்றாலும், பெண் ஆண்குழந்தையை ஏற்றாலும் இடையே 21 ஆண்டு வேறுபாடு வேண்டும். பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றம். கொடுப்போரும் ஏற்போரும் கையொப்பமிட்ட தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், அத்தத்து முறையாக நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ளும். இல்லை என்பவரே அதை மறுத்து நிறுவ வேண்டும். 16ஆம் பிரிவின் பயன் இது. பெரியம்மணி காலத்தில் தத்தினை ஆதரித்தவர் தலையில் இருந்த சுமை, ஒரு பதிவால் எதிர்ப்பவர் தலைக்கு மாறுகிறது. முறையாக நடந்த தத்தினைப் பின்னர் எவரும் நீக்க முடியாது.

பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தையை ஏற்பது இரண்டாம் வழி. இது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படியும், 2022ஆம் ஆண்டுத் தத்து ஒழுங்குமுறைகளின்படியும் நடக்கிறது. விரும்புவோர் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்கின்றனர். சமூகப் பணியாளர் இல்லத்துக்கு வந்து குடும்பநிலை அறிக்கை எழுதுகிறார். குழந்தைகள் நலக் குழு, தத்துக்குரியது எனச் சட்டப்படி அறிவித்த குழந்தையே காட்டப்படுகிறது. குழந்தையைத் தானாக ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறுவதற்கு இரண்டு மாதக் கால இடைவெளி தரப்படுகிறது. தம்பதியர்க்கு இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும்; இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்க இருவர் வயதின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. தனி ஆடவர் பெண்குழந்தையை ஏற்க இயலாது. முன்பு நீதிமன்றம் வழங்கிய தத்து ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அதன்பின்னும் ஈராண்டுக் காலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் நலம் கேட்டறியப்படுகிறது.

இக்காலத்துச் சுடுகாடுகள்

இந்த இரண்டாம் வழிக்கும் கொங்குநாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். கொல்ல வேண்டாம், தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு பெற்றோரை வேண்டிய நிகழ்ச்சி அது. கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட சமயத்தார்க்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தொட்டிலில் இடப்பட்ட குழந்தைகளுக்கு மகவேற்பு புதியதொரு வீட்டைத் தந்தது.

அதே கொங்கு மண்ணில், 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு ஒன்று வெளிப்பட்டது. விலை பேசும் தொலைபேசி உரையாடல் பரவி நாட்டையே அதிரவைத்தது. குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுத் துறை விசாரித்தது. காத்திருக்க மனமில்லாத ஏக்கத்தையே இடைத்தரகர் விலையாக்குகின்றனர். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். மருத்துவமனையில் வேறொரு தாயின் பெயரை எழுதிப் பெற்ற பிறப்புச் சான்றிதழ், தத்தும் ஆகாது, பிறப்பும் ஆகாது. அக்குழந்தை வளர்ந்து, ஒருநாள் சொத்துக்கோ கடவுச்சீட்டுக்கோ தன் பிறப்பை நிறுவ வேண்டி வரும்போது, கையில் மோதிரம் இல்லாத சீவகனாய் நிற்கும்.

எழுதிவைப்பதே அறம்

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் மகவேற்பு பெரும்பாலும் உறவுக்குள்ளேயே நிகழ்ந்து வந்தது. அண்ணன் மகன் தம்பி வீட்டில் வளர்வான். அக்காள் மகள் சித்தி வீட்டுப் பெண்ணாவாள். எல்லோரும் அறிந்த செய்தி என்பதால் பத்திரம் எழுதுவது அன்பைச் சந்தேகிப்பதாகத் தோன்றியது. ஆனால் அறிந்தவர் மறைவர். அன்புடையாரின் பிள்ளைகள் அன்புடையாராக இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது சமணரின் வழக்கன்று, எழுதப்படாத வழக்காறு. பிறர் பொருளைக் கவராமையும் வாய்மையும் நோன்பாகக் கொண்டோர், ஒரு குழந்தைக்கு உரிய பெயரையும் பங்கையும் சான்றோடு கொடுப்பதும் அந்நோன்புகளின் பகுதியே.

புகழூர் மலையில் இளங்கடுங்கோ தன் தந்தையின் பெயரையும் பாட்டனின் பெயரையும் பொறித்துவைத்தான். ஏறத்தாழ பதினேழு நூற்றாண்டு கடந்தும் அவன் யார் மகன் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இன்று கோவையிலும் ஈரோட்டிலும் ஒரு மகவை ஏற்கும் குடும்பத்துக்குக் கல்வெட்ட வேண்டிய தேவை இல்லை. சார்பதிவாளரின் முத்திரையோ மாவட்ட ஆட்சியரின் ஆணையோ அப்பணியைச் செய்துவிடும்.